தொடுதலுக்கு ஆவணம் உண்டா? மெய்நிகர் உலகில் கையின் வரலாறு

ஒளிப்படக் கலை 1839 இல் பொதுவெளிக்கு வந்தது. ஒலியைப் பதிந்து மீட்டுத் தரும் போனோகிராஃப் கருவியை எடிசன் 1877 இல் செய்து காட்டினார். அதன்பின் மனிதர் கண்டவற்றுக்கும் கேட்டவற்றுக்கும் ஆவணம் சேரத் தொடங்கிற்று. தொட்டவற்றுக்கு அவ்வாறு எதுவும் சேரவில்லை. ஒரு நெசவாளரின் முகத்தையும் பேச்சையும் பாட்டையும் இன்று நூலகத்தில் வைத்துப் பாதுகாக்கலாம். இழையின் முறுக்கு போதுமா என்பதைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே உருட்டி அவர் அறிந்த அறிவை அவ்வாறு வைக்க இயலாது. மெய்நிகர் உலகில் ஒரு பொருளை எடுக்கும்பொழுது, அது கையில் இருப்பதுபோன்ற உணர்வைத் தருவதற்காக விரலில் அணியப்படும் கருவிகள் இன்று பரவலாகப் பேசப்படுகின்றன. விளையாட்டுத் தொழிலின் துணைக்கருவிகளாக அறிமுகமாவதால், அவற்றின் பின்னுள்ள நீண்ட ஆய்வு வரலாறு கவனம் பெறுவதில்லை. கண்ணுக்கும் செவிக்கும் கிடைத்த ஆவண வசதியைக் கைக்கும் தேடும் முயற்சியாக அவ்வரலாற்றை வாசிக்க இடமுண்டு.

தொடுதல் ஏன் இவ்வளவு பின்தங்கியது? விடையின் ஒரு பகுதி தமிழின் சொல்லாட்சியிலேயே இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்பொழுது தொடுவுணர்வையே முதலாவதாக வைக்கிறது. புல்லும் மரமும் பெற்றிருப்பது அந்த ஓர் அறிவை மட்டுமே. அதற்கு அந்நூல் ஆளும் சொல் ‘உற்றறிதல்’. திருக்குறள் ஐம்புல நுகர்ச்சிகளை எண்ணுமிடத்தில் இதே உணர்வு ‘ஊறு’ எனப்படுகிறது. இவ்விரு சொற்களுக்கும் அடி ‘உறு’. சென்று பொருந்துதல் என்பது அதன் பொருள். காண்பவர் காணப்படும் பொருளை அசைப்பதில்லை. கேட்பவர் ஒலி எழும் இடத்தை மாற்றுவதில்லை. தொடுபவரோ பொருளை அழுத்துகிறார். பொருளும் அவர் விரலை அழுத்துகிறது. இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன.

பொறியியலில் இதன் விளைவு மிகப் பெரிது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களைக் காட்டினால் கண் அதைத் தொடர் அசைவாக ஏற்கிறது. மெய்நிகர்ச் சுவர் ஒன்றைக் கடினமான சுவராக விரல் ஏற்க வேண்டுமானால், விரலின் இருப்பிடத்தை அளந்து எதிர்விசையைக் கணித்துத் தரும் வேலை நொடிக்கு ஏறத்தாழ 1000 முறை நடக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் சுவர் நடுங்கத் தொடங்கும். படத்தையும் ஒலியையும் ஒருமுறை பதிந்துவிட்டு ஆயிரம் பேருக்கு ஒரே வகையில் காட்டலாம். தொடுதலில், தொடுபவரின் ஒவ்வோர் அசைவுக்கும் கருவி புதிதாக மறுமொழி தந்தாக வேண்டும்.

இந்த மறுமொழி எதை எட்ட வேண்டும் என்பதை அறியும் பணி 19 ஆம் நூற்றாண்டில் உடலியலாளர்களிடம் தொடங்கிற்று. லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் வெபர் 1834 இல் வெளியிட்ட நூல், தோலின் நுண்ணுணர்வை அளவைக்கு உட்படுத்திய முதல் முறையான ஆய்வுகளுள் ஒன்று. இத்தாலியரான பிலிப்போ பாசினி, கையின் நரம்புகளை ஒட்டி வெங்காயத்தின் அடுக்குகள்போல் அமைந்த சிறு உறுப்புகளைக் கண்டு 1840 இல் விவரித்தார். மைஸ்னர் 1852 இலும் மெர்க்கல் 1875 இலும் வேறு ஏற்பிகளை விவரித்தனர். நூற்றாண்டின் இறுதியில் ருஃபினியின் பெயர் அவ்வரிசையில் சேர்ந்தது. அழுத்தம், நழுவல், அதிர்வு, தோலின் இழுபாடு ஆகியவற்றைப் பகிர்ந்து உணரும் இந்நால்வகை ஏற்பிகளே இன்றைய கருவிகள் அனைத்தும் குறிவைக்கும் இலக்குகள். கையின் உட்புறத் தோலில் மட்டும் இத்தகைய நரம்பு அலகுகள் ஏறத்தாழ 17,000 உள்ளன என்று சுவீடன் ஆய்வாளர்களான ஜோஹான்சனும் வால்போவும் 1979 இல் கணக்கிட்டனர்.

எதிர்விசையைத் தரும் இயந்திரம் பிறந்த இடம் அணு ஆய்வுக்கூடம். கதிரியக்கப் பொருள்களைக் கையால் தொட முடியாத நிலையில், தடித்த காப்புச்சுவருக்கு அப்பால் இருக்கும் இயந்திரக் கையை இப்பால் இருந்து இயக்கும் அமைப்புகளை, சிகாகோவை அடுத்த ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் ரேமண்ட் கெர்ட்ஸ் 1940களின் இறுதியிலிருந்து உருவாக்கினார். அப்பாலுள்ள கை எதிலேனும் முட்டினால், அந்த முட்டலை இப்பாலுள்ளவரும் உணர்ந்தார். அங்கே தொடப்பட்டது உண்மைப் பொருள். தொலைவு மட்டுமே செயற்கை. பொருளையே கணினி உருவாக்கலாம் என்ற எண்ணத்தை 1965 இல் ஐவன் சதர்லண்ட் ஒரு சிறு கட்டுரையில் முன்வைத்தார். திரையில் தோன்றுவதைத் தொடவும் தாங்கவும் முடிகின்ற அறையே காட்சிக்கருவியின் இறுதி வடிவம் என்பது அவர் கருத்து. இதைத் தொடர்ந்து வடகரோலினா பல்கலைக்கழகத்தில் ஃப்ரெடரிக் புரூக்ஸ் 1967 இல் ‘குரோப்’ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். அவர் பின்னர்ப் பயன்படுத்தியவை ஆர்கான் ஆய்வகத்தின் இயந்திரக் கைகளே. மருந்து மூலக்கூறு ஒன்று புரதத்தின் குழிவில் பொருந்தும்பொழுது எழும் ஈர்ப்பையும் விலக்கத்தையும் வேதியியலாளர் கையால் உணர்வதே அதன் நோக்கம். கணினிகளின் வேகம் அந்நோக்கத்துக்கு ஈடுகொடுக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. திட்டத்தின் நிறைவான அறிக்கை 1990 இல்தான் வெளிவந்தது.

அதே 1990 இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ‘டச் லேப்’ என்னும் ஆய்வகத்தை மண்டயம் சீனிவாசன் நிறுவினார். பெங்களூரில் பொறியியல் பயின்று யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். பொறியாளர்கள் இயந்திரக் கையைப் பற்றியே சிந்தித்துக்கொண்டிருந்த காலத்தில், விரல்நுனித் தோலை நெகிழும் பொருளாகவும் அளவிடும் கருவியாகவும் ஒருசேர ஆராய்ந்தது அவருடைய பங்களிப்பு. யேலில் ராபர்ட் லாமோட்டுடன் அவர் நடத்திய ஆய்வுகள் விரலின் கூர்மைக்கு வியப்பூட்டும் எண்களைத் தந்தன. வழவழப்பான கண்ணாடியில் 2 மைக்ரான் உயரமே உள்ள ஒரு புள்ளியை விரல் வருடிக் கண்டுபிடிக்கிறது. வரிவரியாக அமைந்த பரப்பாக இருப்பின் 0.06 மைக்ரான் உயரமும் போதும். மனித முடியின் பருமனோடு ஒப்பிட்டால் இது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினது.

அக்கழகத்திலேயே தாமஸ் மாசியும் கென்னத் சாலிஸ்பரியும் உருவாக்கிய ‘ஃபாண்டம்’ கருவி 1994 இல் ஆய்வுலகுக்கு அறிமுகமானது. மேசைமேல் நிற்கும் சிறு இயந்திரக் கையின் நுனியிலுள்ள விரலுறைக்குள் விரலை நுழைத்தால், கணினிக்குள் இருக்கும் உருண்டையை அதன் வழியாகத் தடவலாம். சீனிவாசன் குழு இத்தகைய கருவிகளின் துணையால் எழுப்பிய வினாக்கள் பொறியியலின் எல்லையைத் தாண்டின. 1996 இல் வெளிவந்த ஆய்வொன்றில், பங்கேற்றோர் இரண்டு மெய்நிகர்ச் சுருள்வில்களை அழுத்தி எது கடினமானது என்று கூற வேண்டியிருந்தது. கை உணர்ந்த அமுக்கத்துக்கு மாறான அமுக்கத்தைத் திரை காட்டியபொழுது, அவர்கள் பெரும்பாலும் கண்ணையே நம்பினர். கடினமானதை மென்மையானதாகவும் மென்மையானதைக் கடினமானதாகவும் கூறினர். தொடுதலை முழுமையாகப் படைக்காமலே தொட்டதாக நம்பவைக்கலாம் என்பதை இம்முடிவு காட்டிற்று. பின்வந்த அணிகருவிகள் அனைத்துக்கும் இது ஓர் அடித்தளம்.

2002 அக்டோபரில் டச் லேபும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் ஒரு செய்தியை அறிவித்தன. பாஸ்டனில் ஒருவரும் லண்டனில் ஒருவரும் இணையத்தின் வழியே ஒரே மெய்நிகர்ப் பெட்டியை இருபுறமும் அழுத்திப் பிடித்துத் தூக்கினர். ஒருவர் தள்ளியதை மற்றவர் கை உணர்ந்தது. அட்லாண்டிக்கைக் கடந்த முதல் தொடுதல் என்று அது குறிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 2000 இல், லண்டனின் மெல் ஸ்லேட்டரும் சீனிவாசன் குழுவினரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, கூட்டுச் செயலில் தொடுவுணர்வைச் சேர்த்தால் செயல்திறனும் ‘உடன் ஒருவர் இருக்கிறார்’ என்ற உணர்வும் கூடுவதை எடுத்துரைத்திருந்தது.

இதுவரை கூறிய கருவிகள் யாவும் மேசையிலோ தரையிலோ கூரையிலோ ஊன்றியவை. ஊன்றியிருப்பதால்தான் அவற்றால் கையைத் தடுத்து நிறுத்த முடிந்தது. மெய்நிகர் உலகில் நடமாடும் ஒருவருக்கு அவை பயன்படா. கையுறைகளின் வரலாறு இங்கே தொடங்குகிறது. 1987 இல் விற்பனைக்கு வந்த ‘டேட்டா குளோவ்’ ஒளியிழைகளால் விரல்களின் வளைவை அளந்தது. கணினிக்குக் கை தெரிந்தது, கைக்குப் பொருள் தெரியவில்லை. 1990களில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரிகோரே பர்டியா உள்ளங்கையில் காற்றழுத்த உந்துதண்டுகளைப் பொருத்தி விரல்கள் மூடுவதைத் தடுத்தார். ‘சைபர்கிராஸ்ப்’ என்னும் புறச்சட்டகம் புறங்கையில் அமர்ந்து, கம்பிகளால் விரல்களைப் பின்னோக்கி இழுத்தது. பந்தைப் பிடித்தால் விரல்கள் அதன் பரப்பில் நின்றன. ஆயினும் அந்தப் பந்து மெய்நிகர்ச் சுவரில் மோதினால் கை சுவருக்குள் தடையின்றிப் புகுந்தது. கருவியின் எதிர்விசை அணிந்தவரின் உடலிலேயே ஊன்றியிருப்பதால், உடல் முழுவதையும் தடுக்க அதற்குப் பிடிமானம் இல்லை. பொருளின் எடையையும் அதனால் தோளுக்கு ஏற்ற இயலாது. அணியும் வசதிக்குக் கொடுக்கப்பட்ட விலை இது.

அவ்விலை எவ்வளவு பெரியது என்பதை மதிப்பிட உதவியது, மெய்நிகர் உலகுக்குத் தொடர்பே இல்லாத ஓர் உடலியல் ஆய்வு. சுவீடனின் ஊமியோ நகரில் ஜோஹான்சனும் வெஸ்ட்லிங்கும் 1984 இல் மிக எளிய சோதனை ஒன்றை வெளியிட்டனர். இரு விரல்களால் ஒரு சிறு பொருளைத் தூக்க வேண்டும். அதன் பரப்பு சில வேளை உப்புத்தாள், சில வேளை மென்தோல், சில வேளை பட்டு. பட்டு வழுக்கும், ஆகவே இறுகப் பிடிக்க வேண்டும். தூக்கியவர்கள் நழுவாமல் இருப்பதற்குத் தேவையான விசையைவிடச் சற்றே கூடுதலான விசையால் மட்டும் பிடித்தனர். பரப்பு மாறியவுடன் நினையாமலே பிடியை மாற்றினர். விரல்களை மரத்துப்போகச் செய்தபொழுது இத்திறன் குலைந்தது. தசையின் வலிமை அப்படியே இருந்தும், தோல் தந்த செய்தி இல்லாததால் கை தன் அளவை இழந்தது. பொருளைக் கையாளும் அறிவின் பெரும்பகுதி விரல்நுனித் தோலில் எழும் சிறு இழுபாடுகளிலும் தொடக்கநிலை நழுவல்களிலும் அடங்கியிருக்கிறது என்பதே இதன் பொருள்.

தோல்தான் முதன்மை என்றால், கையைத் தடுத்து நிறுத்தாமலே பொருளின் இருப்பை உணர்த்தலாம். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கொவுதா மினாமிசாவாவும் அவருடைய குழுவினரும் 2007 இல் காட்டிய ‘கிராவிட்டி கிராபர்’ இந்தத் தருக்கத்தின் மீது நின்றது. விரல் நகத்தின் மேலே இரு சிறு மோட்டார்கள். அவற்றிலிருந்து விரல்நுனியைச் சுற்றி ஒரு பட்டை. இரு மோட்டார்களும் எதிரெதிராகச் சுழன்றால் பட்டை விரலை அழுத்தும். ஒரே திசையில் சுழன்றால் தோலைப் பக்கவாட்டில் இழுக்கும். தோள் எதையும் சுமக்கவில்லை. ஆயினும், கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் இக்கருவியை அணிந்தவர்கள் கையில் எடை இருப்பதாக உணர்ந்தனர். இத்தாலியின் சியெனாவில் டொமெனிகோ பிராட்டிகிசோ குழுவினர் 2013 இல், விரல்நுனிக்குக் கீழே ஒரு சிறு தட்டை மூன்று கம்பிகளால் சாய்த்து, பரப்பின் சரிவையும் உணர்த்தும் கருவியை விவரித்தனர். ஆர்கானின் பாரமான கைகளிலிருந்து மோதிர அளவுக்குக் கருவி சுருங்கிய இப்பயணத்தில் ஒவ்வொரு கட்டமும் ஒரே வினாவையே கேட்டது: தொடுதலில் எதை விட்டுவிட்டாலும் கை ஏற்றுக்கொள்ளும், எதை விட்டால் ஏற்காது?

இவ்வினாவுக்குச் சென்னையிலும் விடை தேடப்பட்டு வருகிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் எம். மணிவண்ணன் நடத்தும் தொடுவுணர்வு ஆய்வகம், அபிஜித் பிஸ்வாஸ், சீனிவாசன் ஆகியோருடன் இணைந்து பாசினி ஏற்பியின் அடுக்குகள் அதிர்வை எவ்வாறு வடிகட்டி நரம்புக்கு அனுப்புகின்றன என்பதற்குக் கணித மாதிரிகளை 2015 இல் வெளியிட்டது. 1840 இல் நுண்ணோக்கியின் கீழ் விவரிக்கப்பட்ட அவ்வுறுப்பு, நொடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளில் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த அசைவை உணரவல்லது. அணிகருவியின் மோட்டார் எவ்வளவு, எந்த வேகத்தில் அதிர வேண்டும் என்பதை இத்தகைய மாதிரிகளே வரையறுக்கின்றன. 2022 இல் அவ்வாய்வகம் மெர்க்கல் ஹேப்டிக்ஸ் என்னும் நிறுவனத்துடன் சேர்ந்து ‘ஐடேட்’ என்ற தொடுதிரையை அறிவித்தது. அசையும் பாகம் எதுவும் இல்லாமல், மின்புலத்தால் விரலுக்கும் திரைக்கும் இடையிலான உராய்வை இடத்துக்கு இடம் மாற்றி, வழவழப்பான திரையைச் சொரசொரப்பாக உணரவைப்பது அதன் செயல்முறை. இதற்கு மூலமான நிகழ்வு தற்செயலாகக் கண்டறியப்பட்டது. மின்விளக்கு எரியும்பொழுது அதன் பித்தளைத் தாங்கி விரலுக்குச் சற்றுச் சொரசொரப்பாகத் தோன்றியதை மாலின்க்ரோட் கவனித்து, 1953 இல் சக ஆய்வாளர்களுடன் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்.

இனி, இக்கருவிகள் இந்தியக் கைகளுக்கு என்ன செய்யக்கூடும் என்பதை ஓர் ஊரைக் கொண்டு சிந்திக்கலாம். மைசூர் மாவட்டத்திலிருந்து 1997 இல் பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில், கொள்ளேகாலிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியில் இருக்கிறது ஹனூர். இன்று தனி வட்டமாக உள்ள இவ்வூர், முன்னர்க் கொள்ளேகால் வட்டத்தில் இருந்தது. அவ்வட்டமோ 1956 நவம்பர் 1 இல் மைசூர் மாநிலத்துக்கு மாறும்வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதி. சென்னை மாகாணத்தில் பட்டுவளர்ப்புக்குப் பெயர்பெற்ற முதன்மையான பகுதியும் அதுவே. மாகாணக் காலத்து மாவட்டக் கையேடுகளும் அரசுக் கோப்புகளும் ஒரு தொழிலைப் பரப்பு, விளைச்சல், விலை, வரி என்ற தலைப்புகளில் பதிந்து வைப்பவை. அத்தொழிலின் மையத்தில் இருந்த விரல் அத்தலைப்புகள் எதனுள்ளும் அடங்காது.

சர்க்காவில் பட்டு எடுக்கும் முறையை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். கொதிநீரில் கூடுகள் வேகும்பொழுது இழைகளை ஒட்டியிருக்கும் பசை இளகுகிறது. நூல் எடுப்பவர் ஒவ்வொரு கூட்டின் நுனியையும் தேடிப் பிடித்து, பல கூடுகளின் இழைகளை ஒன்றாக்கி ஒரே நூலாக ஓடவிடுகிறார். ஓர் இழையின் பருமன் மனித முடியில் பாதிகூட இல்லை. கூடு தீரத் தீர இழை மெலியும். ஒன்று அறுந்தால் அந்தக் கணமே வேறொரு கூட்டின் நுனியைச் சேர்க்க வேண்டும். சேர்க்கத் தவறினால் நூல் இளைக்கும். மிகுதியாகச் சேர்த்தால் தடிக்கும். கண்ணும் விரலும் கூடிச் செய்யும் இவ்வேலையில், வெந்நீரின் சூட்டில் தோல் புண்ணாவதும் தொழிலின் பகுதியாகவே இருந்துவந்தது. தானியங்கி இயந்திரங்கள் வரும்பொழுது அந்தத் துன்பம் நீங்குவது வரவேற்கத்தக்கதே. ஆயின், துன்பத்தோடு சேர்ந்து விரலின் அறிவும் பதிவின்றி நீங்குகிறது. அத்தொழிலைப் படமெடுத்தால் கைகளின் அசைவு கிடைக்கும். எந்த இழுபாட்டில் அவர் இழை மெலிந்ததை உணர்ந்தார் என்பது கிடைக்காது. ஊமியோ ஆய்வாளர்கள் பட்டை ஒரு வழுக்கும் பரப்பாக மட்டுமே எடுத்துக்கொண்டனர். பட்டை அறிந்த விரல்களை எவரும் அந்த நுணுக்கத்தோடு அளந்து வைத்ததில்லை.

பதிவுசெய்யும் வழி முற்றிலும் இல்லாமலும் இல்லை. ஒளிப்படத்தைப் போலத் தொடுதலையும் பிடித்துவைக்கும் நோக்குடன் காதரின் கூகன்பெக்கரும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவருடன் பணியாற்றியோரும், விசையையும் அதிர்வையும் அளக்கும் ஒரு கோலால் பரப்புகளை வருடி, 100 பரப்புகளின் தொடுமாதிரிகளை 2014 இல் அனைவர்க்கும் திறந்த தொகுப்பாக வெளியிட்டனர். துணி, மரம், கல், காகிதம் முதலியவை அதில் உள்ளன. அங்கே பதிவானது கோலின் வழியாக வந்த உணர்வு. வெறும் விரலின் உணர்வு இன்னும் எட்டாத இலக்கு. ஈரம், சூடு, இழையின் மென்மை ஆகிய மூன்றும் ஒருங்கே நிகழும் பட்டுத்தொட்டி, இன்றைய எந்த அணிகருவியின் எல்லைக்கும் அப்பாற்பட்டது. இருந்தும், திறன்மிக்க ஒருவரின் விரல்கள் என்ன விசையில், எந்தத் தருணத்தில் செயல்படுகின்றன என்பதை மெல்லிய உணரிகளால் அளந்துவைக்க இன்றே முடியும். அதை மீட்டுத் தரும் கருவி பின்னர் வரலாம். எடிசனுக்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1857 இல், பாரிசில் எத்வார்-லியோன் ஸ்காட் ஒலியலையைப் புகைபடிந்த காகிதத்தில் கோடாக வரைந்து வைத்தார். அக்கோட்டை மீண்டும் ஒலிக்கவைக்கும் வழி அன்று இல்லை. அவர் 1860 இல் பதிந்த பாடல் ஒன்று 2008 இல் கணினியின் உதவியால் கேட்கப்பட்டது.

அந்த 148 ஆண்டுகள் காத்திருக்க முடிந்தது, பதிவு இருந்ததால்தான். கொள்ளேகால், ஹனூர்ப் பகுதிகளின் பட்டு நூலெடுப்போர், காஞ்சிபுரத்து நெசவாளர், சுவாமிமலைச் சிற்பியர் ஆகியோரின் கைகள் இன்றும் தொழிலில் இருக்கின்றன. வாய்மொழி வரலாற்றை ஒலிப்பதிவு செய்வதற்கு ஒரு முறையியல் உருவானதுபோல், கைவழி வரலாற்றுக்கும் ஒன்று தேவை. அது பொறியியல் துறைகளின் ஆய்வகங்களில் மட்டும் உருவாகாது. எந்தத் தொழிலின், எந்த அசைவை, யாருடைய ஒப்புதலோடு, யாருடைய பயனுக்காகப் பதிவது என்பவை வரலாற்றாய்வாளரும் நாட்டார் வழக்காற்றியலாளரும் அத்தொழிலாளரும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டியவை.